கட்டிலில் கிடந்த நடிப்பு

பைபாஸ் ஆபரேஷன் முடிந்து பெரம்பலூர் வீட்டுக்கு வந்த கொஞ்ச நாளிலேயே தெருமுனை வரை நடந்தேன். ஆஸ்பத்திரியில் பிசியோதெரபி கொடுத்த பெண்ணின் புண்ணியம் அது. ஆனால் எங்கள் பக்கம் ஆப்பிள் வாங்கிக்கொண்டு பார்க்க வருகிறவர்கள் முன்னால் நடமாடினால், 'இவருக்கு ஒண்ணுமே இல்லியே' என்று போய்ச் சொல்வார்கள். அதனால் கேட் சத்தம் கேட்டதும் விறுவிறுவென்று போய்ப் படுத்துக்கொள்வேன். வெட்கங்கெட்ட பிழைப்பு.

அப்படித்தான் கீழப்பழுவூர் சம்பந்தி வந்து கட்டிலருகே உட்கார்ந்திருந்தபோது அந்தப் பெண் போன் செய்தாள். ஸ்பீக்கரில் போட்டேன்.

"நல்லா நடக்கிறீங்களா சார்?"

"எங்கேம்மா... எந்திரிக்கவே முடியலியே" என்று முனகினேன்.

"சரியா சொல்லிக் குடுக்கல போலருக்கு" என்றார் சம்பந்தி, சத்தமாக. நான் மறுக்கவில்லை, தலையை வேறு ஆட்டித் தொலைத்தேன்.

அது போனில் அவளுக்கும் கேட்டுவிட்டது. அவள் சொன்னாள்: "என் தப்புதான் சார். நாளைக்கு ஆஸ்பத்திரிக்கு வாங்க, முதல்லேர்ந்து சொல்லித் தரேன்."

போனேன். கட்டிலில் ஒருக்களித்து எழுவதிலிருந்து ஆரம்பித்தாள். ஒன்றும் தெரியாதவன்போல எழுந்து, தடுமாறுகிற மாதிரி நடந்தேன்.

அவள் சந்தோஷத்தில் கை தட்டினாள்.