ஆணி கீணி இருக்கா?

போன வாரம் எங்கள் தெருவில் வாய்க்காலை அகலப்படுத்துகிறோம் என்று வந்து ஒரு வேப்பமரத்தை அறுத்தார்கள். நான் இப்போது சிதம்பரத்தில் தங்கச்சி மகள் வீட்டில் இருக்கிறேன். வாசல்படியில் உட்கார்ந்து முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தேன். கையில் பிடிக்கிற மிஷின் ரம்பம் உர்ரென்று நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. திடீரென்று கிரீச்சென்று ஒரு சத்தம். மரத்துக்குள் கிடந்த ஆணியில் ரம்பம் பட்டுவிட்டது. எவனோ எந்தக் காலத்திலோ விளம்பரத் தகடு அடித்திருக்கிறான். அறுத்த ஆள் மிஷினை நிறுத்திவிட்டு அவனுடைய ஏழு தலைமுறையையும் இழுத்துத் திட்டினான். என் கை தானாகப் போய் வலது கண்ணைப் பொத்திக்கொண்டது.

"என்னா பெரிம்மா, கண்ணுல தூசியா?" என்றாள் தங்கச்சி மகள்.

"ஆமாம்மா" என்றேன்.

பெரியம்மாவுக்குப் பொய் சொல்லவே தெரியாது என்று அவள் எல்லோரிடமும் சொல்லுவாள். வாயைத் திறந்தால்தானே பொய் வரும். சின்ன வயசிலிருந்தே எனக்கு நாலு பேர் முன்னால் பேச வராது. அஞ்சாங்கிளாசில் வாத்தியார் பேர் கூப்பிட்டால் "உள்ளேன் ஐயா" என்பதைக்கூடப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவள்தான் எனக்காகச் சொல்லுவாள். அவள் வராத நாளெல்லாம் எனக்கும் ஆப்சென்ட். அந்த அஞ்சாங்கிளாசோடு படிப்பும் நின்றது. எழுத்துக் கூட்டி எழுதுகிறேன், பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

கடலூரில் நெல்லிக்குப்பம் போகிற ரோட்டில் ஒரு சின்ன மரவாடி இருந்தது. அங்கே பதினாலு வருஷம் வேலை பார்த்தேன். மரத்தூள் கூட்டி அள்ளத்தான் முதலில் போனேன். பிறகு ஓரம் வெட்டுகிற மிஷின் ஓட்டுகிறவர் துபாய்க்குப் போய்விட்டார். வேறு ஆள் சரியாக வாய்க்கவில்லை. "தெனமும் பாத்துக்கினுதான இருக்குற, தள்ளிப் பாரேன்" என்றார் மேஸ்திரி. ரம்பத்துக்குப் பல் வைப்பதும் மரத்தைப் பார்த்து எடுப்பதும் அவர் பொறுப்பு. தள்ளிப் பார்த்தேன், அப்படியே நின்றுவிட்டேன்.

அந்த மிஷினை எட்ஜர் என்பார்கள். பெரிய ரம்பத்தில் மரத்தை நீளவாக்கில் அறுத்தால் பலகை வரும், ஆனால் இரண்டு ஓரத்திலும் பட்டை ஒட்டிக்கொண்டு வளைந்து நெளிந்து இருக்கும். அதை எங்கள் மேசைக்குக் கொண்டுவருவார்கள். மேசைக்கு நடுவில் இரண்டு வட்ட ரம்பம் சுற்றும். ஒருத்தி இந்தப்பக்கம் நின்று தள்ள வேண்டும், ஒருத்தி அந்தப்பக்கம் நின்று வாங்க வேண்டும். பலகை நேராக வெளியே போகும், பட்டை தனியாக விழும். சொல்லும்போது எவ்வளவு சுலபமாக இருக்கிறது பாருங்கள். தள்ளுகிறவளுக்குத் தோள்பட்டை போய்விடும். ரம்பத்தில் எது பட்டுத் தெறித்தாலும் தள்ளுகிறவள் பக்கம்தான் வரும். கண்ணுக்குப் போட ஒரு கண்ணாடி தூணில் தொங்கும். வேர்வையில் மங்கிப்போகிறது என்று யாரும் போட மாட்டோம். நானும்தான்.

காலையில் போனதும் மிஷினைக் குளிப்பாட்டுகிற வேலை. தூளைத் தட்டிவிட்டு, பேரிங்குக்குக் கிரீஸ் வைத்து, பெல்ட்டைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்ப்பேன். ரொம்ப அமுங்கினால் தளர்ச்சி. பலா மரம் அறுத்த மறுநாள் ரம்பம் முழுக்கப் பிசின் பிடித்திருக்கும். மண்ணெண்ணெய்த் துணி போட்டுத் தேய்க்க வேண்டும். பச்சை மரமாக இருந்தால் கையில் தேங்காயெண்ணெய் தடவிக்கொண்டுதான் தொடுவோம், பலாப்பழம் அறுக்கிறபோது செய்கிற மாதிரி. அந்தத் தூள் மஞ்சள் கரைத்துக் கொட்டினது போலிருக்கும். வீட்டுக்குப் போனால் மஞ்சள் பூசிக் குளித்தவள் மாதிரி நிற்பேன். புருஷன் விட்டுட்டுப் போன பொம்பளைக்கு மஞ்சளைப் பார்த்தியா என்று யாராவது சொல்லுவார்களோ என்று முந்தானையால் மூடிக்கொண்டே நடப்பேன்.

ஆமாம், அவர் விட்டுவிட்டுத்தான் போனார். கல்யாணமாகி ஏழு வருஷம் குழந்தை இல்லை. நெய்வேலிப் பக்கம் இன்னொரு பெண்ணைக் கட்டிக்கொண்டார். வாடியில் இதை யாரிடமும் நான் சொன்னதில்லை. கழுத்தில் தாலி கிடந்தது. யாரும் கேட்கவும் இல்லை.

எனக்கு எதிர்ப்பக்கம் நின்று பலகை வாங்கியவள் நூர்ஜகான். நாலு பிள்ளை பெற்றவள். நான் பேசாத பேச்சையெல்லாம் சேர்த்து அவள் பேசுவாள். கரும்பு வெட்டு சமயத்தில் ஆலைக்குப் போகிற டிராக்டர் வாடி முன்னால் மெதுவாகப் போகும். "மச்சான், சக்கர ஜாஸ்தியா சேந்துடும், பாரத்த எறக்கிக்க" என்று சொல்லிக்கொண்டே இரண்டு கரும்பை உருவிவிடுவாள். டிராக்டர்காரன் திரும்பிப் பார்த்தால் என்னைக் கை காட்டுவாள். நான் வெட்கத்தில் மரத்தூளுக்குள் புதைந்துபோகாத குறைதான். மதியத்துக்கு மேல் நாங்கள் கை மாற்றிக்கொள்வோம். காலையில் நான் தள்ளுவேன், சாப்பாட்டுக்குப் பிறகு அவள். இது யாரும் போட்ட சட்டம் இல்லை, தோள் வலியைப் பங்கு பிரித்துக்கொண்டோம்.

மரவாடிக்கு ஆணிதான் எமன். மரம் வந்து இறங்கினதும் மேஸ்திரி முதலில் விலை பேச மாட்டார். "ஆணி கீணி இருக்கா?" என்றுதான் கேட்பார். வீட்டு மரம் என்றால் இரண்டு தடவை கேட்பார். துணி காயப்போட ஆணி அடித்திருப்பார்கள், மாடு கட்ட அடித்திருப்பார்கள், பேய் விரட்ட உச்சிமுடியோடு சேர்த்து அடித்திருப்பார்கள். கொஞ்ச வருஷத்தில் மரம் அதை விழுங்கிவிடும், வெளியே தெரியாது. கொண்டுவந்தவன் சொன்னால்தான் உண்டு. அறுத்தபிறகு ஒன்றே ஒன்றுதான் அடையாளம். ஆணி இருக்கிற இடத்தில் மரம் மை கொட்டினதுபோலக் கறுத்திருக்கும்.

பெருங்காற்று அடித்த வருஷம் உங்களுக்கு ஞாபகம் இருக்கும். எங்கள் பக்கம் முந்திரித் தோப்பு, பலாத் தோப்பு எல்லாம் வேரோடு படுத்துவிட்டது. நான் பிறந்த ஊர் காடாம்புலியூர். மரம் விழுந்ததற்கு ஊரே இழவு வீடு மாதிரி அழுதது. எங்கள் வாடியில் மரம் ரோடு வரைக்கும் அடுக்கிக் கிடந்தது. அப்போதுதான் என் தம்பி டிராக்டரில் எங்கள் வீட்டுக் கொல்லைப் பலாவை ஏற்றிக்கொண்டு வந்தான்.

"ஆணி கீணி இருக்காப்பா?"

"ஒண்ணும் இல்ல மேஸ்திரி. எங்க வூட்டு மரம், எனக்குத் தெரியாதா?"

மேஸ்திரி என் பக்கம் திரும்பினார். "நீ பொறந்த வூட்டு மரமாமே. என்னாம்மா, நம்பி அறுக்கலாமா?"

சுற்றிலும் லோடு இறக்குகிற ஆட்கள் ஏழெட்டுப் பேர். தம்பி நிற்கிறான். அடுத்த பெஞ்சில் நூர்ஜகான் வெற்றிலை போட்டுக்கொண்டிருக்கிறாள். நான் தலையை ஆட்டினேன்.

அந்த மரத்தில் ஆணி இருந்தது. தம்பிக்குத் தெரியாது, அப்போது அவன் அரைஞாண் கயிற்றோடு திரிந்தவன். காய்க்காத பலாவுக்கு இரும்பு அடித்தால் காய்க்கும் என்று எங்கள் பக்கம் சொல்லுவார்கள். கல்யாணமாகி மூணாவது வருஷம் ஊருக்குப் போயிருந்தேன். அம்மா ஒரு கட்டைவண்டி ஆணியைக் கையில் கொடுத்து, "நீயே அடிடி. அதுவும் காய்க்கல, நீயும் காய்க்கல. ஒண்ணுக்கு ஒண்ணு தொணையா இருக்கும்" என்றாள். மனசு கெட்டுச் சொல்லவில்லை, ஆசையில்தான் சொன்னாள். பக்கத்து வீட்டுப் பெண்கள் வேலியோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். முட்டி உயரத்தில் அடித்தேன். வெள்ளைப் பால் வடிந்தது.

மரம் காய்த்தது. அடுத்த வருஷமே வேரிலிருந்து உச்சி வரைக்கும் தொங்கியது. பார்க்கிறவர்கள் எல்லாம் என் வயிற்றையும் ஒரு பார்வை பார்ப்பார்கள்.

இதை எப்படி மேஸ்திரியிடம் சொல்லுவேன்? ஆணி இருக்கிறது என்று மட்டும் சொல்லியிருக்கலாம் என்று இப்போது தோன்றுகிறது. எதுக்கு அடிச்ச என்று அடுத்த கேள்வி வருமே என்று அன்றைக்கு நடுங்கினேன். மனசுக்குள் ஒரு கணக்குப் போட்டுக்கொண்டேன். நான்தானே தள்ளப்போகிறேன். ஒவ்வொரு பலகையாகத் திருப்பிப் பார்ப்பேன். கறுப்பு தெரிந்தால் சத்தமில்லாமல் ஒதுக்கிவிடுவேன். யாருக்கும் எதுவும் தெரியவேண்டாம்.

அந்த மரத்தில் தம்பி பேரின் முதல் எழுத்தைச் சாக்பீசால் எழுதியிருந்தார்கள். மூன்று நாள் அறுப்பு. பெரிய ரம்பத்தில் ஆணி படாமல் தப்பிவிட்டது. ஒவ்வொரு பலகையையும் முன்னும் பின்னும் புரட்டிப் பார்த்துத் தள்ளினேன். நூர்ஜகான் எதிர்ப்பக்கத்திலிருந்து கத்துவாள்: "என்னாக்கா, பலகையில மாப்புள்ள மூஞ்சி தெரியுதா? கட்டிக்கப்போறியா, அறுக்கப்போறியா?" சாப்பாட்டுக்குப் பிறகு கை மாற்ற வந்தாள். நான் விடவில்லை. "இன்னிக்கி நானே தள்றேன்" என்றேன். இரண்டாம் நாளும் விடவில்லை. "நல்ல எடத்தப் புடிச்சிக்கினு நவுர மாட்டேங்குறா பாரு" என்று சிரித்தாள். அவளுக்கு என்ன தெரியும்?

மூன்றாம் நாள் மதியம் என்னால் டிபன்பாக்ஸ் மூடியைத் திறக்க முடியவில்லை. வலது தோள் வீங்கி ரவிக்கைக் கை இறுகிக் கிடந்தது. அவள்தான் திறந்து கொடுத்தாள். சோற்றைப் பிசைந்தும் வைத்தாள். பேசாமல் என்னையே பார்த்தாள். அவள் பேசாமல் இருந்து அன்றைக்குத்தான் பார்த்தேன்.

சாப்பிட்டு எழுந்ததும் மிஷின் முன்னால் போய் அவள் நின்றுகொண்டாள்.

"நவுருக்கா."

"வேணாம் நூரு."

"ஏன் வேணாம்? கை செத்துப்போச்சி ஒனக்கு. நவுருன்றேன்ல."

"இல்ல நூரு, இந்த மரம் மட்டும்..."

"இந்த மரத்துல என்னா? ஒன் அம்மா வூட்டுச் சீதனமா?" என்று சொல்லி இடுப்பால் ஒரு இடி இடித்தாள். நான் இரண்டடி தள்ளிப் போனேன்.

அங்கே அவளும் நானும்தான். ஆண்கள் யாரும் இல்லை. ஒரே ஒரு வார்த்தை. தொண்டை வரைக்கும் வந்தது. நாலு பிள்ளை பெற்றவளிடம் போய் எப்படிச் சொல்வது என்று நின்றேன். இத்தனை வருஷம் கேட்காதவள் இனிமேல் என்னைப் பாவமாகப் பார்ப்பாளே என்று நின்றேன். அதற்குள் மோட்டாரைப் போட்டுவிட்டாள். மோட்டார் போட்டபிறகு கத்தினால்தான் கேட்கும். எனக்குக் கத்த வராது.

நான் எதிர்ப்பக்கம் போய் நின்றேன். மீதி ஒரு பத்துப் பலகை இருக்கும். அவள் புரட்டிப் பார்க்கிறவள் இல்லை. எடுத்தாள், தள்ளினாள். நாலாவது பலகையோ அஞ்சாவதோ. மேலே மஞ்சளாகச் சுத்தமாகத்தான் இருந்தது. கறுப்பு அடியில் இருந்திருக்கிறது.

அந்தச் சத்தத்தைத்தான் போன வாரம் கேட்டேன்.

"யா அல்லா" என்று ஒரே ஒரு தடவை சொன்னாள். வலது கண்ணைப் பொத்திக்கொண்டு மரத்தூள் மேல் உட்கார்ந்துவிட்டாள். விரல் இடுக்கில் வடிந்த ரத்தம் மஞ்சள் தூளில் சொட்டியது. மேஸ்திரி ஓடிவந்து மோட்டாரை நிறுத்தினார். கடலூர் ஆஸ்பத்திரியிலிருந்து பாண்டிச்சேரிக்கு அனுப்பினார்கள். மூன்றாம் நாள் கண்ணை எடுத்துவிட்டார்கள்.

பலகையில் மாட்டிக்கொண்டிருந்த ஆணியின் மீதியை மேஸ்திரி இடுக்கியால் பிடுங்கினார். நான் பக்கத்தில் நின்றேன். "கட்ட வண்டி ஆணி. யாரு எந்தக் காலத்துல அடிச்சாங்களோ. ஒன் தம்பி சின்னப் பையன், அவனுக்கென்னா தெரியும்? நாந்தான் இன்னும் நாலு கேள்வி கேட்டிருக்கணும்" என்றார். சாகிற வரைக்கும் அவர் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தாராம்.

பாண்டிச்சேரிக்குப் போய்ப் பார்த்தேன். எப்படியும் சொல்லிவிடுவது என்றுதான் பஸ் ஏறினேன். கட்டிலில் கட்டுப்போட்டுக் கிடந்தவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அழுவாதக்கா. நல்ல வேள, ஒன்ன நவுத்திவுட்டேன். எனக்காவது நாலு புள்ளைங்க இருக்குது, பாத்துக்கும். ஒனக்கு ஆயிருந்தா யாரு இருக்குறா? புள்ளையா குட்டியா?"

தெரிந்துதான் இருந்திருக்கிறது. எப்போதிலிருந்து என்று தெரியாது. எதை மறைக்க வாயை மூடினேனோ, அது அவளுக்கு ஒரு விஷயமாகவே இல்லை. அதற்குப் பிறகு எந்த வாயால் சொல்ல? கொண்டுபோன ஆரஞ்சை உரித்துக் கொடுத்துவிட்டு வந்தேன்.

கொஞ்ச வருஷத்தில் மகனோடு இருக்க அவள் பரங்கிப்பேட்டைக்குப் போனாள். பார்க்கிற போதெல்லாம் "ஒன் மூஞ்சிக்கு ஒரு கண்ணு போதும்க்கா" என்று சிரிப்பாள். போன நோன்புக்கு முன்னால் போய்விட்டாள். எனக்குச் சேதி வந்தபோது அடக்கம் பண்ணி நாலு நாள் ஆகியிருந்தது.

வாடி இருந்த இடத்தில் இப்போது மோட்டார் சைக்கிள் விற்கிறார்கள். அந்த எட்ஜரைப் பழைய இரும்புக்கு எடைபோட்டார்களாம். போன மாசம் இந்த வீட்டுக்கு ஒரு கதவு வந்தது, பிளாஸ்டிக் தாள் சுற்றி. முகர்ந்து பார்த்தேன். மரத்து வாசனையே இல்லை. அதற்குள் ஆணி இருக்க வழியில்லை. கொண்டுவந்தவர்களும் ஒன்றும் கேட்கவில்லை.

அன்றைக்கு வேப்பமரம் அறுக்க வந்தவர்களும் யாரையும் கேட்கவில்லை. மேஸ்திரியாக இருந்தால் வீடு வீடாகக் கதவைத் தட்டியிருப்பார். ராத்திரி படுத்தால் அவர் வந்து கேட்கிற மாதிரியே இருக்கிறது. அவருக்குப் பின்னால் பெஞ்சில் நூர்ஜகான் வெற்றிலை மென்றுகொண்டிருக்கிறாள். எட்டு ஆள் நிற்கட்டும், எண்பது ஆள் நிற்கட்டும். இப்போது எனக்குப் பேச வருகிறது.

இருக்குது மேஸ்திரி. முட்டி ஒசரத்துல. நாந்தான் அடிச்சேன்.