அண்ணாச்சியின் கால்பந்துப் பாத்தி

எங்கள் அண்ணாச்சிக்குக் கால்பந்தைப் பற்றி ஒன்றுமே தெரியாது. உப்பைப் பற்றி எல்லாம் தெரியும். தூத்துக்குடியிலிருந்து வேம்பார் போகிற சாலையில் அவருக்கு உப்பளங்கள். அங்கே வேலை பார்த்த குடும்பங்களின் பெண்பிள்ளைகள் நாங்கள் பதினான்கு பேர். ஒரு மாலை லாரி நிற்கும் இடத்தில் பந்து உதைத்துக்கொண்டிருந்தோம். நான் உதைத்த பந்து, உப்பு வாங்க வந்த ஒருவருக்கு அண்ணாச்சி காட்டிக்கொண்டிருந்த உப்புக் குவியலில் பொத்தென்று போய் விழுந்தது. திட்டுவார் என்று நின்றோம். அவர் தூரத்தைக் கண்ணாலேயே அளந்தார். "அங்கன இருந்தா அடிச்ச?" என்று மட்டும் கேட்டார். அன்றோடு அவருக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது.

விளைச்சல் நின்றுபோன பாத்திகளை ஒன்றாக்கி ஒரே மாதத்தில் மைதானம் போட்டுக் கொடுத்தார். உப்புப் பாத்தியை எப்படித் தயார் செய்வார்களோ, அப்படியே செய்தார். ஆட்கள் வரிசையாக நின்று களிமண்ணைக் காலால் மிதித்து மிதித்து இறுக்கினார்கள். நான்கு பக்கமும் முழங்கால் உயரத்துக்கு வரப்பு கட்டினார்கள். எங்களுக்குப் பயிற்சி கொடுக்க வந்த அக்கா, கோடு போட்டால் போதும், வரப்பு வேண்டாம் என்று கெஞ்சிப் பார்த்தார்.

"வரப்பில்லாம எங்கயாவது பாத்தி உண்டுமா? பந்து ஓடிப்போயிரும்லா," என்று அண்ணாச்சி பேச்சை முடித்துவிட்டார்.

எங்களுக்குக் கொண்டாட்டம். பந்து வெளியே போவதே இல்லை. யாராவது மறிக்க வந்தால் வரப்பில் ஓர் அடி அடிப்பேன், அவளைச் சுற்றி ஓடுவேன், திரும்பி வரும் பந்தை நானே வாங்கிக்கொள்வேன். அக்கம்பக்கத்து அணிகள் எல்லாம் எங்களிடமே வந்து தோற்றன. அண்ணாச்சி மத்தியானம் கறிச்சோறு போடுவார் என்பதால் யாரும் எங்களை வெளியே கூப்பிடவில்லை. இப்படியே இரண்டு வருடம் ஆடினேன். என்னை மிஞ்ச ஆளில்லை என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

தேசிய மகளிர் அணியின் முகாமுக்கு ஆள் தேடுகிறார்கள் என்று அண்ணாச்சி எப்படியோ கேள்விப்பட்டார். தேர்வாளர்களுக்குப் போன் மேல் போன். "ஒரு தடவ வந்து சாம்பிள் பாருங்க. பிடிக்கலன்னா நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்." தொல்லை தாங்காமல் ஒரு காலை வந்தே விட்டார்கள், எதிரே ஆட ஒரு கல்லூரி அணியையும் கூட்டிக்கொண்டு. எனக்கு அப்போது பதினெட்டு வயது. அந்த முகாமைத் தவிர உலகத்தில் எனக்கு வேறொன்றும் வேண்டியிருக்கவில்லை.

தேர்வாளர் அம்மா மைதானத்தை ஒரு சுற்று சுற்றினார். "சார், இந்தச் சுவரை எடுத்தாத்தான் ஆட்டம்."

"சுவரு இல்லம்மா, வரப்பு."

"எதுவா இருந்தாலும் எடுக்கணும்."

மண்வெட்டிகள் வந்தன. ஒரு மணி நேரத்தில் வரப்பு போய், அந்த இடத்தில் சுண்ணாம்புக் கோடு விழுந்தது.

ஆட்டம் தொடங்கியதும் ஒருத்தி மறிக்க வந்தாள். பழக்க தோஷம், பக்கவாட்டில் ஓங்கி அடித்துவிட்டு அவளைச் சுற்றி ஓடினேன். பந்து கோட்டைத் தாண்டிப் பக்கத்துப் பாத்தித் தண்ணீரில் போய் மிதந்தது. அது திரும்பி வருமென்று நான் ஓடிக்கொண்டே இருந்தேன். இப்படி மூன்று தடவை. மூன்றாவது தடவை அண்ணாச்சியே பாத்தியில் இறங்கிப் பந்தை எடுத்தார். தேர்வாளர் அம்மா நோட்டில் எதையோ எழுதினார். எனக்கு அழுகை முட்டியது. கூடவே சிரிப்பும் வந்து தொலைத்தது.

இடைவேளையில் என் சித்தி மகள், எங்களில் குட்டையானவள், கொய்யாப்பழத்தைக் கடித்தபடி சொன்னாள்: "ஏளா, நான் வரப்பா நிக்கேன். நீ பாட்டுக்கு அடி."

கோட்டோரமாய் நின்றாள். அடித்தேன். காலை வைத்துத் திருப்பினாள். வரப்பில் பட்டு வருவதைவிட நேராக என் காலடிக்கே வந்தது பந்து. அவ்வளவுதான், நாங்கள் பறந்தோம். இரண்டு கோல் போட்டேன். அண்ணாச்சி ஈர வேட்டியை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, "லோடு இறங்கிட்டு, லோடு இறங்கிட்டு" என்று குதித்தார்.

சாயங்காலம் தேர்வாளர் அம்மா ஒரே ஒரு பெயரைச் சொன்னார். வரப்பாக நின்றவளின் பெயர். "எங்க நிக்கணும்னு இந்தப் பொண்ணுக்குத் தெரியுது," என்றார். நியாயம்தான். அவளைக் கட்டிக்கொண்டு குதித்தேன். குதிக்கும்போதே வயிறு எரிந்தது, அதை மறைப்பானேன்.

அண்ணாச்சி கார்க் கதவைப் பிடித்துக்கொண்டார். "அம்மா, அவள எடுத்துக்கிட்டீக, சந்தோசம். இவளக் கொசுறா வச்சுக்கிடுங்க."

"கொசுறா?"

"காய் வாங்குனா ஒரு கொத்து கறிவேப்பிலை சும்மா போட மாட்டாகளா, அது மாதிரி."

அந்த அம்மா கண்ணில் நீர் வரச் சிரித்துவிட்டு, மாற்று ஆட்டக்காரி என்று பட்டியலின் அடியில் என் பெயரை எழுதினார்.

கார் போனதும் அண்ணாச்சியிடம் கத்தினேன். "இத்தன பேருக்கு முன்னால என்னயக் கறிவேப்பிலைன்னு சொல்லிட்டீக. நான் போக மாட்டேன்."

அவர் வேட்டியில் வெள்ளையாய்க் காய்ந்திருந்த உப்பைத் தட்டிவிட்டார். "காய் எல்லாக் கடையிலயும் ஒண்ணுதாம்ளா. ஆளுக மறுபடி வாரது கொசுறுக்குத்தான். உனக்குப் பின்னால இன்னும் பன்னெண்டு பேரு நிக்காக. ஆள் எடுக்க வாரவுக திரும்ப இங்கன வரணுமா இல்லையா?"

திரும்பிப் பார்த்தேன். பன்னிரண்டு பேரும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். வீட்டுக்குப் போய்த் துணிமணியை எடுத்து வைத்தேன்.

அடுத்த வருடம் அண்ணாச்சி யாருக்கும் போன் செய்யவில்லை. தேர்வாளர்கள் அவர்களாகவே வந்து இறங்கினார்கள்.