சுப்ரா போர்த்திய ஹாலிவுட் படம்

நெய்ச்சோற்று வாசம், அதோடு ஏசியின் ஈரத் தூசி வாசம்... குவைத் அப்பாசியாவில் மாமா வீட்டு ஹால் என்றால் எனக்கு இன்றும் அதுதான்.

அப்போது அவர் மாமா ஆகவில்லை. பெண்ணைப் பெற்றவர், அவ்வளவுதான். நான் மொபைல் கடை சேல்ஸ்மேன். ஜும்ஆ முடிந்ததும் சாப்பிடக் கூப்பிட்டிருந்தார்கள். எதற்கென்று எல்லோருக்கும் தெரியும், யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை.

பெண் இங்கிலீஷ் மீடியம். நானும் சளைத்தவன் இல்லை என்று காட்ட வேண்டாமா? பழைய ஹாலிவுட் பாட்டுப் படம் ஒன்றின் டிவிடியோடு போனேன். என் வாப்பா பிறப்பதற்கு முந்தைய படம், சுத்தமாகத்தான் இருக்கும் என்று நினைப்பு. நான் பார்த்திருந்தது முதல் அரை மணி நேரம்தான்!

"ஃபேமிலியோட பாக்கலாமா தம்பி?" என்று கேட்டார் மாமா.

"தாராளமா பாக்கலாம். நான் கேரண்டி."

படத்தில் கதை என்று ஒன்றுமே இல்லை. தொப்பிக் கடை சேல்ஸ்மேன் ஒருவன் கோடீஸ்வரன் என்று புளுகிப் பெண் தேடுகிறான். பேசத் தொடங்கினால் பாட்டு வந்துவிடும். ஹீரோ முகத்தில் ஒரு பாவமும் கிடையாது. ஆனால் அந்தக் கால் இருக்கிறதே! மாடிப்படியில் தட்டித் தட்டி அவன் ஆடி இறங்கியபோது, கதவோரம் நின்ற மாமியே "மாஷா அல்லாஹ்" என்றுவிட்டார். கலரெல்லாம் மிட்டாய்க் கலர். நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

அடுத்த பாட்டு நீச்சல் குளத்தில்... வரிசை வரிசையாகப் பெண்கள், நீச்சல் உடையில்.

ரிமோட்டைக் காணோம். என் புத்தி எங்கே போனதோ, சாப்பாட்டுக்குத் தரையில் விரித்திருந்த பிளாஸ்டிக் சுப்ராவை அப்படியே உருவி அந்தக் குண்டு டிவி மேல் போட்டேன். எலும்பும் சோறும் கார்பெட் முழுக்க. உள்ளே பாட்டு மட்டும் ஜோராக ஓடிக்கொண்டிருந்தது.

"இதான் உங்க கேரண்டியா தம்பி?"

அவமானத்தில் காது இரண்டும் கொதித்தன. எப்படி வெளியே வந்தேனோ தெரியாது. சம்பந்தம் கலாஸ், முடிந்தது என்று ரூமில் போய்க் குப்புறப் படுத்துவிட்டேன்.

மறுநாள் மாமி போன் செய்தார். "புள்ள சரின்னுடுச்சு. வெக்கப்படுற பையனா இருக்காரேங்குது."

இப்போது வீட்டில் ஆளுக்கொரு போன், ஆளுக்கொரு ஹெட்செட். என் மகள் என்ன பார்க்கிறாள் என்றே எனக்குத் தெரியாது. எல்லோரும் ஒன்றாக உட்கார்ந்து கூச்சப்பட ஒரு டிவி இருந்ததே, அதை நினைத்தால் ஏக்கமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் அந்தப் படத்தின் மீதியைப் பார்க்க இன்றுவரை எனக்கு முகம் இல்லை.

போன வெள்ளிக்கிழமை மாமா வீட்டில் சாப்பிட்டு முடித்து டிவியைப் போட்டேன். மாமா சுப்ராவைச் சுருட்டி என் மடியில் வைத்தார்.

"கையிலயே இருக்கட்டும் மாப்புள."