வாய் திறக்காத கண்டக்டர்

ஸம்பத்குமாருக்குக் குடும்பத்தில் கிடைத்த சொத்து தொண்டை ஒன்றுதான். திருவள்ளூர் பெருமாள் கோயில் கோஷ்டியில் அவன் நின்று பாசுரம் சேவித்தால், குளத்தின் எதிர்க்கரையில் துணி அலசுகிறவர்களுக்கும் அந்தக் குரல் தனியாகக் கேட்கும். அப்பா காலமான பிறகு கோயில் கைங்கரியம் முறைப்படி அண்ணாவுக்குப் போயிற்று. அதில் வருகிற பிரசாதத்திலும் சொற்பச் சம்பளத்திலும் இரண்டு குடும்பம் பிழைக்க முடியாது. இது அண்ணாவுக்கும் தெரியும், தம்பிக்கும் தெரியும். மன்னிதான் அதை வாய்விட்டுச் சொன்னாள்.

1968 வைகாசியில் அரசு பஸ்ஸில் கண்டக்டர் வேலை கிடைத்தது. எண்ணூரிலிருந்து பாரிமுனைக்குக் கடலோரமாகப் போகிற தடம். காலையில் அந்த பஸ்ஸில் ஆளைவிட மீன்கூடைதான் அதிகம் ஏறும் என்று கேள்விப்பட்டு உறவில் பலர் முகம் சுளித்தார்கள். அவன் மனைவி செங்கமலவல்லி, வாசனை துணியில்தானே ஒட்டும், தோய்த்தால் போய்விடும் என்று சொல்லிவிட்டுப் பெட்டியைக் கட்டினாள். திருவொற்றியூரில் ஓர் அறை வாடகைக்குக் கிடைத்தது.

எர்ணாவூர்ப் பக்கம் அலைக்கும் சக்கரத்துக்கும் நடுவில் ஒரு மணல்மேடும் நாலைந்து கட்டுமரங்களும்தான். காற்று அடிக்கிற நாளில் பஸ்ஸுக்குள்ளேயே உப்புக் கரிக்கும். அந்தக் காற்றையும் பழைய இன்ஜினின் உறுமலையும் மீறி ஒவ்வொரு நிறுத்தத்தின் பெயரும் கடைசி வரிசைக்குக் கேட்க வேண்டும். ஸம்பத்குமாருக்கு அது ஒரு பாரமாகவே தெரியவில்லை. “எர்ணாவூர் குப்பம், இறங்கறவா எல்லாம் முன்னாடி வாங்கோ” என்று அவன் எடுத்தால் தூங்குகிறவன் விழித்துக்கொள்வான். வார்ப்படத் தொழிற்சாலை ஆட்கள் அந்த ‘வாங்கோ’வை அவனைப் போலவே சொல்லிப் பார்த்துச் சிரிப்பார்கள். அவனும் சிரிப்பான்.

சிரிக்காத ஒரே ஆள் ஆரோக்கியமேரி. நெட்டுக்குப்பத்தில் ஏறி ராயபுரம் கல்மண்டபத்தில் இறங்கித் தெருத்தெருவாக மீன் விற்கிறவள். கூடையை முன்னால் வைப்பாள். அவன் பின்னால் வைக்கச் சொல்வான். கூடைக்கு லக்கேஜ் டிக்கெட் கிழிப்பான். அவள் திட்டிக்கொண்டே காசு கொடுப்பாள். அவனை ‘ஐயரே’ என்றுதான் கூப்பிடுவாள். தான் ஐயங்கார் என்று அவன் ஒருமுறை திருத்தப் பார்த்தான்.

“ரெண்டும் மீன் துன்னாத ஜாதிதானே? எனுக்கு இன்னா வித்தியாசம்?” என்று கேட்டுவிட்டாள். அதற்குப் பிறகு அவன் திருத்தவில்லை.

மறு வருஷம் ஆவணியில் ஒருநாள், தண்டையார்பேட்டைக்கும் ராயபுரத்துக்கும் நடுவில், அந்தக் குரல் அறுந்தது. வாயைத் திறந்தான், காற்றுதான் வந்தது. பெரிய ஆஸ்பத்திரியில் தொண்டைக்குள் கண்ணாடி விட்டுப் பார்த்த டாக்டர், குரல்நாணில் கொப்புளம் போல வந்திருக்கிறது, ஒன்றரை மாதம் முணுமுணுக்கக்கூடக் கூடாது, மீறினால் குரல் திரும்பாது என்று சொன்னார்.

லீவு எடுக்க வழியில்லை. பங்குனியில் வந்த டைபாய்டு எல்லா லீவையும் தின்றுவிட்டிருந்தது. அதைவிடப் பெரிய சங்கடம், அவன் இன்னும் தற்காலிகம்தான். புரட்டாசி முடிவில் அவனை நிரந்தரம் செய்வதா, அனுப்பிவிடுவதா என்று பார்ப்பார்கள். தொண்டை போன கண்டக்டர் என்று தெரிந்தால் பையை வாங்கி வைத்துக்கொள்வார்கள். அப்புறம் திருவள்ளூரில் மன்னியின் முற்றம்தான்.

டிரைவர் சின்னதுரையிடம் மட்டும் ஒரு தாளில் எழுதிக் காட்டினான். பொன்னேரிப் பக்கத்துக்காரர், அதிகம் பேசாதவர். படித்துவிட்டுத் தாளைச் சுருட்டி வெளியே எறிந்தார். “விசில் ஊதக் காத்து போதும். ஊது” என்றார்.

அப்படித்தான் ஓட்டினார்கள். வழக்கமாக வருகிறவர்கள் இடத்தைச் சொல்வார்கள், அவன் கிழித்துக் கொடுப்பான். கட்டணம் கேட்டால் விரலைக் காட்டுவான். ஆனால் நிறுத்தத்தின் பெயரைக் கூவ முடியவில்லை. திருவொற்றியூர்க் கோயிலுக்கு வந்த ஒரு வெளியூர்க்காரர் ராயபுரம் வரை இழுத்துக்கொண்டு போகப்பட்டு, கண்டக்டருக்குத் தலைக்கனம் என்று சத்தம் போட்டு இறங்கினார். மற்றவர்களும் அப்படியே நினைக்க ஆரம்பித்தார்கள்.

எல்லாரையும்விட ஆரோக்கியமேரிக்குத்தான் அது பொறுக்கவில்லை. அவள் திட்டினால் பதில் வரவில்லை. கூடையை வேண்டுமென்றே முன்னால் வைத்தாள். அவன் கையைக் கூப்பிப் பின்னால் காட்டினான். மூன்றாம் நாள் நேராகச் சின்னதுரையிடம் போய், ஐயருக்குத் தன்னிடம் பேசினால் தீட்டா என்று கேட்டாள். அவர் வேறு வழியில்லாமல் விஷயத்தைச் சொன்னார். அவள் திரும்பி வந்து உட்கார்ந்து கடலையே பார்த்துக்கொண்டிருந்தாள். எர்ணாவூர் வந்ததும், யாரையும் பார்க்காமல், “எர்ணாவூரு, எறங்கு எறங்கு” என்று ஒரு சத்தம் போட்டாள்.

அன்று முதல் கல்மண்டபம் வரை அவள் கூவினாள். அவள் இல்லாத நடைகளில் முன்வரிசையில் உட்கார்ந்த யாராவது கூவினார்கள். காரணம் கேட்டவர்களுக்கு அவளே ரகசியமாகச் சொன்னாள். அவளுடைய ரகசியம் பஸ் முழுக்கக் கேட்கும். ஆனால் பஸ்ஸைவிட்டு வெளியே போகவில்லை.

புரட்டாசி இரண்டாம் வாரம், திருவொற்றியூர் தேரடியில் செக்கிங் இன்ஸ்பெக்டர் ராஜமாணிக்கம் ஏறினார். கண்டிப்பான மனிதர். டிக்கெட்டுகளைப் பார்த்தார், கணக்குத் தாளைப் பார்த்தார், எல்லாம் சரி. தாளை மடித்துத் திருப்பிக் கொடுக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டார். அந்த வெளியூர்க்காரர் புகார் எழுதிப் போட்டிருந்தார்.

“புகாரு வந்துருக்கு. ஸ்டாப்பிங் பேரு சொல்றதே இல்லையாமே நீ? எங்க, அடுத்தது இன்னா, சொல்லு பாக்கலாம்.”

பேசினால் குரல் போகும், பேசாவிட்டால் வேலை போகும். ஸம்பத்குமார் வாயைத் திறந்தான்.

அதற்குள் பின்னாலிருந்து ஆரோக்கியமேரி எழுந்து வந்துவிட்டாள்.

“நல்லாக் கேளு சார் இந்த ஆள. இவன் கையில நான் படற பேஜாரு எனுக்குத்தான் தெரியும். கூடையில நாலு கெளுத்தி கெடந்தாலும் அதுக்குத் தனி டிக்கெட்டு. முன்னாடி வச்சா பின்னாடி வைங்கிறான். பொம்பளையாச்சே, தெனம் வர்றவளாச்சேன்னு ஒரே ஒரு நாளு உட்டுக் குடுத்துருப்பானா? ரெண்டு நண்டு குடுக்கிறேன், வச்சிக்கினு போய்யான்னேன். மூஞ்சத் திருப்பிக்கினான் சார்!”

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். ராஜமாணிக்கம் மட்டும் சிரிக்கவில்லை. அதெல்லாம் இருக்கட்டும், ஸ்டாப்பிங் பெயர் சொல்கிறானா இல்லையா என்று அவளையே கேட்டார்.

“சொல்றானாவா? ‘வாங்கோ’, ‘போங்கோ’ன்னு அவன் கத்துற கத்துல என் காது செவுடாப் பூட்ச்சு. அந்த ஆளு தூங்கிக்கினு போய்ட்டு புகாரு எழுதுவான், நீயும் கேட்டுக்கினு வருவியா?”

ஸம்பத்குமார் ஏதோ சொல்லக் கையைத் தூக்கினான். ராஜமாணிக்கம் அவனைப் பார்த்து உள்ளங்கையைக் காட்டினார்.

“நீ வாயத் தொறக்காத தம்பி. ஒரு வார்த்தை பேசினே, இந்தம்மா பாரிமுனை வரைக்கும் உடாது.”

தாளை அவன் கையில் திணித்தார். பிறகு ஆரோக்கியமேரியின் பக்கம் திரும்பி, வேலையில் இருக்கிறவனை இப்படி நாலு பேர் எதிரில் ஏசினால் பஸ்ஸில் இடமில்லை என்று சொல்லி டோல்கேட்டில் அவளை இறங்கச் சொன்னார். அவள் கூடையைத் தலையில் ஏற்றிக்கொண்டு, கடைசிப் படியில் நின்று ஒரு வசவை உதிர்த்துவிட்டு இறங்கினாள். அங்கிருந்து கல்மண்டபம் நல்ல தூரம். வெயில் ஏறிவிட்டிருந்தது. விசில் ஸம்பத்குமாரின் உதட்டில்தான் இருந்தது, ஆனால் ஊத வரவில்லை. சின்னதுரை கண்ணாடியில் அவனைப் பார்த்துக்கொண்டு காத்திருந்தார்.

புரட்டாசி கடைசியில் நிரந்தர உத்தரவு வந்தது. பயணிகள் எவ்வளவு தூண்டினாலும் நிதானம் இழக்காதவர் என்று ராஜமாணிக்கம் எழுதியிருந்ததாக டிப்போ குமாஸ்தா சொன்னார். ஐப்பசியில் குரலும் திரும்பியது. பழைய குரல் இல்லை, கொஞ்சம் கரகரத்த குரல். கோஷ்டிக்கு அது ஆகாது. பஸ்ஸுக்குப் போதும். எழுபதுகள் முழுக்க அவன் அதே தடத்தில்தான் இருந்தான். எண்ணூரில் மின்நிலையத்தின் புகைபோக்கி எழும்பியது, குப்பங்களின் மணலைக் கடல் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றது. டிப்போவுக்கு மாற்றல் தருகிறோம் என்று இரண்டு தடவை சொன்னார்கள், வேண்டாம் என்றுவிட்டான். செங்கமலவல்லியிடம் அவன் திரும்பத் திரும்பச் சொன்னது உத்தரவு வந்த நாளைப் பற்றி அல்ல. ராஜமாணிக்கம் ஏறியதற்கு மறுநாள் காலையைப் பற்றித்தான்.

நெட்டுக்குப்பத்தில் ஆரோக்கியமேரி ஏறினாள். கால் பெருவிரலில் துணி சுற்றியிருந்தது. முந்தின நாள் மீன் பாதி விலைக்குப் போயிற்று என்று பக்கத்தில் இருந்தவளிடம் சொல்லிக்கொண்டிருந்தாள். கூடையைத் தானாகவே பின்னால் கொண்டுபோய் வைத்தாள். ஸம்பத்குமார் அவளுக்கு ஒரு டிக்கெட் மட்டும் கிழித்துக் கொடுத்துவிட்டு நகர்ந்தான்.

அவள் அவன் பையைப் பிடித்து இழுத்தாள்.

“கூடைக்கு?”

அவன் தலையை அசைத்தான், வேண்டாம் என்று.

“கிழி ஐயரே. நேத்து நான் சொன்னதுல பாதி பொய்யி. மிச்சத்தையாவது நெசமா இருக்க உடு.”

சில்லறையை அவன் கையில் வைத்து மூடினாள். அவன் லக்கேஜ் டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்தான். அவள் அதை வாங்கிச் சுருக்குப்பைக்குள் போட்டுக்கொண்டு, ஜன்னல் பக்கம் திரும்பி, எர்ணாவூர் வருகிறது, இறங்குகிறவர்கள் எழுந்திருக்கலாம் என்று கூவினாள்.