பதில் குரல் ஒஸெல்லா

ஒஸெல்லா பெட்டிஃபர்ட் கோபம் வந்தால் கத்த மாட்டாள். தான் ஓட்டும் பேருந்தின் கதவைப் படாரென்று மூடித் திறந்து மறுபடி மூடுவாள். டெட்ராய்ட்டின் லின்வுட் சாலையில் ஏறி இறங்கும் சனங்களுக்கு அந்தச் சத்தம் அத்துப்படி. "அம்மா கொதிக்கிறாங்க, வாயை மூடிக்கிட்டு உக்காரு" என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்வார்கள்.

அந்த வருஷம் பாவம், அந்தக் கதவுக்கு ஓய்வே இல்லை. எல்லாம் லுரீன் மெகீயால் வந்த வினை.

லுரீன் அவளுடைய பெரியம்மா மகள். ஒரே தேவாலயச் சபையில், ஒரே பாடகர் வரிசையில், தோளோடு தோள் நின்று வளர்ந்தவர்கள். லுரீன் முன்னால் நின்று ஓர் அடி பாடுவாள்; அவளுக்கு இடது பக்கம் நின்று ஒஸெல்லா பதில் பாடுவாள். இளவயசில் அவர்கள் பாடிய ஒரு பாட்டு ஊரெல்லாம் ஓடியது. "போனவன் வந்து கதவைத் தட்டினா?" என்று லுரீன் உருகுவாள். "தட்டட்டும் விடு, கை வலிக்கட்டும்!" என்று ஒஸெல்லா வெடிப்பாள். அந்த 'வலிக்கட்டும்'-ஐ அவள் இழுக்கிற இழுப்பு இருக்கிறதே, அது முடியும்வரை மேளக்காரனும் கையைத் தூக்கிக்கொண்டு காத்திருப்பான். இசைத்தட்டின் அட்டையில் லுரீன் படம் மட்டும்தான். ஆனால் கல்யாண வீடுகளில் சனங்கள் கூடிப் பாடியதெல்லாம் ஒஸெல்லாவின் வரியைத்தான்.

பிறகு காலம் மாறியது. லுரீனை யாரும் கூப்பிடவில்லை. சாவு வீட்டிலும் சபையிலும் பாடிக்கொண்டிருந்தாள். ஒஸெல்லா பேருந்து ஓட்டப் போனாள். அப்படி இருக்கும்போதுதான் நியூயார்க்கிலிருந்து கெரிகன் என்று ஒருவன் வந்தான். பழைய பாடகிகளை வைத்து இளசுகள் ஆடுகிற துள்ளல் பாட்டுகள் போடுகிறவன். லுரீனுக்கு ஒரு முழு இசைத்தட்டே போட்டுத்தருகிறேன் என்றான். லுரீன் மூச்சிரைக்க ஒஸெல்லா வீட்டுக்கு ஓடி வந்தாள்.

"கிளம்புடி, நமக்கு மறுபடி விடிஞ்சிருச்சு!"

"உன்னைத்தானே கூப்பிட்டான்? நான் எதுக்கு?"

"நீ இல்லாம நான் எங்கடி பாடுறது? வாயை மூடிட்டு வா."

ஒஸெல்லா போனாள். போன நாள் எப்பேர்ப்பட்ட நாள் தெரியுமா? ஓட்டுநர்கள் அவரவர் மூப்பு வரிசைப்படி தங்கள் வழித்தடத்தைத் தேர்ந்தெடுக்கும் நாள். நேரில் இல்லாதவருக்கு மிச்சம் மீதிதான். பல வருஷம் காத்திருந்து கைக்கு வரவிருந்த பகல் வண்டியை விட்டுவிட்டு, அவள் கெரிகனின் ஒலிப்பதிவுக் கண்ணாடி அறையில் நின்று பதில் பாடினாள். அதற்குத் தண்டனையாக விடியாத குளிரில் குடிகாரர்களை ஏற்றும் வண்டி வாய்த்தது. போகட்டும், அக்காவுக்காகத்தானே என்று இருந்தாள்.

பாட்டு வானொலியில் வந்தபோது அவள் வொனெட்டாவின் முடி அலங்காரக் கடையில், பாதித் தலைச் சுருள்முடியை நேராக்கி, மீதி முடி நிமிர்ந்து நிற்க உட்கார்ந்திருந்தாள். அதே பழைய பாட்டு. அடியில் டம் டம்மென்று இயந்திர மேளம். "தட்டினா?" என்று லுரீன் கேட்டாள். "தட்டட்டும் விடு" என்று பதில் வந்தது. அதுவும் லுரீன் குரல்தான். ஒன்றன்மேல் ஒன்றாக நாலைந்து லுரீன்கள்.

வொனெட்டாதான் வாயைத் திறந்தாள். "கேள்வியும் அவளே, பதிலும் அவளே. எங்க தெருவுல இப்படிப் பேசினா ஆஸ்பத்திரி வண்டியைக் கூப்பிடுவோம்."

ஒஸெல்லா சிரிக்கவில்லை. பாதித் தலையோடு எழுந்துபோய்க் கடைத் தொலைபேசியில் லுரீனைக் கூப்பிட்டாள்.

"என் குரல் எங்கடி?"

"அவன்தான் சொன்னான், ஒஸெல்லா. உன் குரல்ல பழைய வாசனை அடிக்குதாம். ஒரே குரலா இருந்தா ஆடுறதுக்குத் தோதா இருக்குமாம். எல்லாம் மிஷின் பண்ணின வேலைடி."

"மிஷினுக்கு உன் வாய் எப்படிக் கிடைச்சுது? நான் வீட்டுக்குப் போனப்புறம் அங்க நின்னு என் வரியை நீதானே பாடிக் குடுத்த?"

மறுமுனையில் சத்தமில்லை. அந்த மௌனம்தான் ஒஸெல்லாவைப் பற்ற வைத்தது. கெரிகன் வந்தான், போவான், அவனுக்கென்ன தெரியும்? கூடப் பிறக்காத குறையாக வளர்ந்தவள், இவள் வாய்க்குள் கையை விட்டுப் பதிலைப் பிடுங்கிக்கொண்டாள். குழம்பு கொதிக்கும்வரை கறிவேப்பிலை, இலையில் விழுந்ததும் ஓரத்தில். இதை நினைத்தால் கதை சொல்கிற எனக்கே இன்றைக்கும் பற்றிக்கொண்டு வருகிறது.

வெளியீட்டு விழாவைக் கார்த் தொழிலாளர் சங்க மண்டபத்தில் வைத்தார்கள். அங்கே வழக்கம்போல் அவரவர் மேசைக்கு அவரவரே வறுத்த கோழியும் புட்டியும் கொண்டு வந்திருந்தார்கள். போகாமல் இருந்தால் மூலையில் உட்கார்ந்து அழுகிறாள் என்பார்கள் என்று ஒஸெல்லாவும் போனாள். அன்றைய இரவு வேலைக்குப் போகுமுன் ஓட்டுநர் சீருடையிலேயே போய், வொனெட்டா மேசையில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தாள்.

மேடையில் பளபளக்கும் உடுப்பில் லுரீன். பின்னால் வாத்தியக்காரர் ஒருவர்கூட இல்லை. ஒலிநாடாப் பெட்டியும் கெரிகனும்தான். புதுப் பாட்டுகள் ஒருவழியாகப் போயின. சனங்களும் மரியாதைக்கு ஆடினார்கள். பிறகு அந்தப் பாட்டு வந்தது.

"போனவன் வந்து கதவைத் தட்டினா?" என்று லுரீன் பாடினாள். பாடிவிட்டுப் பழக்கதோஷத்தில் இடது பக்கம் திரும்பிக் கையை நீட்டினாள். அங்கே யாரும் இல்லை. பெட்டிக்குள்ளிருந்து அவள் குரலே பதில் சொன்னது. ஒஸெல்லா இழுத்து முடிக்கிற நேரம்வரை லுரீன் நின்றாள். பெட்டி நிற்கவில்லை, அடுத்த அடிக்குப் போய்விட்டது. கிளம்பிவிட்ட பேருந்தைத் துரத்துகிறவளைப் போல அவள் குரல் பாட்டின் பின்னாலேயே ஓடியது. பிடிக்க முடியவில்லை. குரல் உடைந்தது. கெரிகன் பெட்டியை நிறுத்தி, நாடாவை முதலிலிருந்து சுற்றத் தொடங்கினான்.

அந்த மண்டபத்தில் ஒருவரும் சிரிக்கவில்லை. பாடுகிறவள் தடுமாறினால் தாங்கிப் பிடிப்பதுதான் சபையில் அவர்கள் கற்ற பழக்கம். "நிதானமா பாடும்மா!" என்றது ஒரு குரல். "அவசரமே இல்ல தாயி, நிதானமா!" என்றது இன்னொன்று. சொல்லிக்கொண்டே ஒவ்வொரு தலையாக ஒஸெல்லா பக்கம் திரும்பியது.

விழட்டும் என்றுதான் அவள் நினைத்தாள். மூக்கு உடைய விழட்டும். கட்டிய கையை அவிழ்க்கவில்லை.

லுரீன் கண்ணை மூடிக்கொண்டு, இசையே இல்லாமல் மறுபடி கேட்டாள். "தட்டினா?"

ஒஸெல்லா நாற்காலி விழ எழுந்தாள். "தட்டட்டும் விடு!" அது பாட்டா, சாபமா என்று அவளுக்கே தெரியாது. விடிகாலைக் குளிரும், பறிபோன பகல் வண்டியும், அந்தத் தொலைபேசி மௌனமும் அதில் இருந்தன. "கை வலிக்கட்டும்!" என்று அவள் இழுத்த இழுப்பில் மண்டபமே எழுந்து நின்றது. மேசைகள் மேளமாயின. பாட்டு முடியும்வரை கெரிகனின் பெட்டியை யாரும் தேடவில்லை.

முடிந்ததும் கெரிகன் ஓடி வந்தான். "பிரமாதம்மா! அடுத்த ஊருக்கும் நீங்க வந்தே ஆகணும்."

"உன் மிஷினுக்குத் தொண்டை கட்டினா சொல்லி அனுப்பு, தம்பி."

லுரீன் வந்து கட்டிப் பிடித்துக்கொண்டாள். கண் மையெல்லாம் கன்னத்தில். "நீ என்னை விட மாட்டேன்னு எனக்குத் தெரியும்டி. மனசு ஆறிடுச்சுல்ல?"

ஒஸெல்லா அவள் கைகளை எடுத்துக் கீழே விட்டாள். "பாட்டை விழ விடல. உன்னை மன்னிச்சேன்னு எவ சொன்னா?"

அடுத்த ஞாயிறு, சபை கலைந்ததும் லுரீன் அவள் வீட்டு வாசலுக்கு வந்தாள், கையில் மூடிய பாத்திரத்தோடு. தட்டினாள்.

"உள்ளதான் இருக்க, காரு நிக்குது. நான் பண்ணினது தப்புதான்டி. திற!"

மறுபடி தட்டினாள். சமையலறையில் கீரை கிளறிக்கொண்டிருந்த ஒஸெல்லா, கரண்டியைக்கூடக் கீழே வைக்காமல், தெருவுக்கே கேட்கும்படி பாடினாள்:

"தட்டட்டும் விடு, கை வலிக்கட்டும்!"

அந்த இழுப்பு முழுதாக முடியும்வரை லுரீன் வெளியே காத்திருந்தாள். முடிந்த பிறகுதான் மறுபடி தட்டினாள்.

ஒஸெல்லா கதவைத் திறக்கவில்லை.