பீரோ அண்ணனின் ஐஸ் குளியல்

டிரம்முக்குள் இறங்குவதற்கு முன் அவர் உள்ளங்கையைத் தண்ணீரின் மேல் வைத்துப் பார்ப்பார். காய்ச்சல் கண்ட குழந்தையின் நெற்றியைத் தொடுவதுபோல, அழுத்தாமல். ஐஸ் கட்டிகள் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு வழிவிடும். பிறகு வலது காலை உள்ளே விடுவார். இடது காலைக் கையால் தூக்கித்தான் விட வேண்டும்; அதுதான் வலிக்கிற பக்கம். இரண்டு கையாலும் விளிம்பைப் பிடித்துக்கொண்டு, மனசு மாறுவதற்குள் தொபுக்கென்று உட்கார்ந்துவிடுவார். உட்கார்ந்ததும் உதட்டைக் குவித்து ஊத ஆரம்பிப்பார். ஃபூ... ஃபூ... மார்பளவு குளிரில் இருந்துகொண்டு, கொதிக்கக் கொதிக்க டீயைக் கையில் வைத்திருப்பவர்போல ஊதுவார்.

"ஐஸ் தண்ணியை ஆத்திக் குடிக்கப் போறீங்களாப்பா?" என்று கதவுக்கு வெளியிலிருந்து மகள் கேட்பாள்.

"உனக்கும் ஒரு டம்ளர் வேணுமா?" என்பார். பல் தந்தியடிப்பதில் அந்த நாலு வார்த்தையும் நாற்பதாக உடைந்து வரும்.

அவர் வீடு மாற்றித் தரும் கம்பெனியில் சாமான் தூக்கிவந்தவர். டிரம்மும் அங்கிருந்து வந்ததுதான். பீங்கான் தட்டுகளைக் காகிதம் சுற்றி அடைக்கும் நீல டிரம். மூடி தொலைந்துபோனதால் ஒதுக்கிவைத்திருந்தார்கள். மேல்பாதியை அறுத்தெறிந்து, விளிம்பு கையைக் கிழிக்காமலிருக்க ரப்பர் குழாயைப் பிளந்து சுற்றிலும் செருகியிருந்தார். மனிதர் எதைச் செய்தாலும் கச்சிதம்.

இளமையில் ஒருமுறை, லிஃப்ட் ஓடாத கட்டடம் ஒன்றில், மற்றவர்கள் டீ குடிக்கப் போன இடைவெளியில் ஓர் இரும்பு பீரோவை முதுகில் பட்டை போட்டுத் தனியாளாக மொட்டைமாடி வரைக்கும் ஏற்றிவிட்டார். உண்மையில் அது மூன்றாம் மாடியில் இருக்க வேண்டிய பீரோ. வேகத்தில் தாண்டிப் போய்விட்டார். அன்றைக்கு வந்த பெயர்தான் 'பீரோ'. அவருடைய மாமியாரே, "பீரோ மாப்பிள்ளை வந்திருக்காரு, நாற்காலி போடு" என்று சொல்லுமளவுக்கு அது ஒட்டிக்கொண்டது.

அந்த முதுகுதான் கடைசியில் அவரைக் கைவிட்டது. இடுப்பில் தொடங்கி இடது குதிகால் வரைக்கும் கரண்ட் கம்பி இழுத்துவிட்ட மாதிரி ஒரு வலி. டாக்டர் இனி எதையும் தூக்கக்கூடாது என்று சொல்லிவிட்டார். கம்பெனியிலும் நல்லவிதமாகக் கிடங்கில் அட்டைப்பெட்டி ஒட்டுகிற வேலைக்கு மாற்றிவிட்டார்கள். ஆனால் வீட்டில் தூக்க ஒருத்தி இருந்தாள்.

அவர் மனைவிக்குப் பக்கவாதம். வலது கையும் வலது காலும் போய்விட்டன. பேச்சும் போய்விட்டது. ஒரு காலத்தில் பேக்கரி கவுண்டரில் நின்றுகொண்டு, ரொட்டி வாங்க வந்தவரின் குடும்பக் கதை முழுவதையும் மீதிச் சில்லறை கொடுப்பதற்குள் கேட்டுமுடித்துவிடுகிற பெண்மணி அவர். அவ்வளவு பேச்சிலிருந்து ஒரே ஒரு வார்த்தைதான் மிஞ்சியது: போதும். பசித்தாலும் போதும். பசிக்காவிட்டாலும் போதும். மகளைக் கூப்பிடுவதும் போதும்தான், ஜன்னலைச் சாத்தச் சொல்வதும் போதும்தான். அந்த ஒற்றைச் சொல்லுக்குள் எத்தனை சொற்கள் ஒளிந்திருக்கின்றன என்று பீரோவுக்குத்தான் தெரியும். இழுத்துச் சொன்னால் தண்ணீர், வெடுக்கென்று சொன்னால் கோபம், கண்ணைச் சுருக்கிக்கொண்டு சொன்னால் கிண்டல்.

இதில் அவருக்கு மட்டும் ஒரு சங்கடம் இருந்தது. சாமான் தூக்குகிறவர்களிடையே 'போதும்' என்பது சாதாரண வார்த்தையில்லை. மாடிப்படித் திருப்பத்தில் அலமாரியைச் சாய்த்துக் கொண்டுவரும்போது, பின்னால் நடக்கிறவனுக்கு எதுவும் தெரியாது. முன்னால் இருப்பவன்தான் "வா... இன்னும் வா... போதும்!" என்பான். அந்தச் சொல் காதில் விழுந்தால் தூக்கிய கால் தூக்கியபடி நிற்க வேண்டும். ஒரு அடி மீறினால் சுவரோ விரலோ போய்விடும். வாழ்நாள் முழுக்க அந்தச் சொல்லுக்கு அப்படி நின்று பழகிய உடம்பு அவருடையது. மனைவியைத் தூக்க ஆரம்பித்த புதிதில், அந்த அம்மாள் 'போதும்' என்றதும் கட்டிலுக்கும் நாற்காலிக்கும் நடுவில் அப்படியே சிலையாக நின்றுவிடுவார். பிறகு கொஞ்சம் கொஞ்சமாக, வீட்டில் மட்டும் அந்தச் சொல்லுக்கு நிற்காமலிருக்கத் தன்னைப் பழக்கிக்கொண்டார்.

"அப்பா, ஒரு நல்ல இல்லமாப் பாத்து அம்மாவை விட்டுருவோம்ப்பா. தூக்குறதுக்கு ஆள் இருக்கு, நர்ஸ் இருக்காங்க. உங்க முதுகைப் பாருங்க" என்று மகள் சொல்லாத வாரமில்லை.

"என் முதுகு நிக்கிற வரைக்கும் உங்கம்மா இந்த வீட்டுலதான் இருப்பா. ஊரான் வீட்டுப் பீரோவையெல்லாம் தூக்கினேன். என் பொண்டாட்டியை அடுத்தவன் தூக்கணுமா?"

"அதுக்கு உங்க முதுகு ஒத்துக்கணுமே."

"அதை நான் பேசிக்கிறேன் அதுங்கூட."

பேசிப் பார்க்க ஒரு வழியைக் காட்டியவன் மருமகன். தினமும் உடற்பயிற்சிக் கூடத்துக்குப் போகிறவன். செல்போனில் ஒரு வீடியோவைக் காட்டி, "ஐஸ் தண்ணில தெனம் உக்காந்தா வலி ஓடியே போயிரும் மாமா. மனசும் லேசாயிரும்னு சொல்றாங்க" என்றான். வீடியோவில் ஒருவன் உறைந்த ஏரியில் கழுத்துவரை மூழ்கிச் சிரித்துக்கொண்டிருந்தான். பீரோ அவனை ரொம்ப நேரம் பார்த்தார். "பைத்தியக்காரனா இருக்கான். ஆனா வலி இல்லாத பைத்தியக்காரன்" என்றார். மறுநாளே, மீன்கடைக்கு ஐஸ் இறக்கும் வண்டிக்காரரிடம் சொல்லிவைத்து உடைசல் கட்டிகளை வாங்கிவந்துவிட்டார்.

அது வேலை செய்தது. அதைச் சொல்லியாக வேண்டும். முதலில் கத்தியால் கீறுவதுபோல இருக்கும். பிறகு தோல் யாருடையதோபோல் ஆகும். வெளியே வரும்போது முதுகில் வலி இருந்த இடமே காணாமல் போயிருக்கும். அடுத்த ஒரு மணி நேரம் அவர் பழைய ஆள். அந்த நேரத்துக்குள் மனைவியைக் கட்டிலிலிருந்து தூக்கி, குளியலறையில் உட்காரவைத்து, குளிப்பாட்டி, உடுத்தி, ஜன்னலோர நாற்காலிக்குக் கொண்டுவந்துவிடுவார்.

"மகாராணி, பல்லக்கு ரெடி" என்று ஈரத்தலையோடு வந்து நிற்பார். வேண்டுமென்றே சில்லிட்ட கையை மனைவியின் கழுத்தில் வைப்பார். "போதும்! போதும்!" என்று மனைவி கூவுவார். வாயின் அசைகிற பாதி சிரிக்கும். அசையாத பாதி அதைப் பார்த்துக்கொண்டிருக்கும்.

இவர் முகம் தெளிந்திருப்பதைக் கிடங்கில் எல்லோருமே பார்த்தார்கள். சாமான்களுக்குக் கயிறு கட்டுகிற, 'கயிறு' என்றே பெயராகிவிட்ட கூட்டாளி மட்டும் டீக்கடையில் கேட்டார்.

"வலி போயிருச்சாண்ணே, இல்ல மரத்துப்போயிருச்சா?"

"எதுவா இருந்தா என்னடா?"

"வலிக்கிற முதுகு எங்க நிறுத்தணும்னு சொல்லும். மரத்துப்போனது எதைச் சொல்லும்?"

"டேய், பீரோ மரத்துல செஞ்சதா இரும்புல செஞ்சதா?"

"உங்களுதா? துரு புடிச்ச இரும்பு."

இருவரும் சிரித்தார்கள். சிரிப்பு அடங்கியபின் பீரோ இடது பாதத்தைச் செருப்பிலிருந்து உருவி, விரல்களை மடக்கி நீட்டிப் பார்த்துக்கொண்டார்.

அன்று காலை குளிர் அதிகமில்லை. ஐஸ் வழக்கத்தைவிடக் கொஞ்சம் கூடுதலாகக் கிடைத்திருந்தது, அவ்வளவுதான். டிரம்மைவிட்டு எழுந்தவருக்கு இடது கால் பாதத்திலிருந்து முழங்கால்வரை இருக்கிறதா என்றே தெரியவில்லை. அது நல்லதுதானே என்று நினைத்தார். துவட்டிய துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு கட்டிலுக்கு வந்து, மனைவியை அள்ளித் தூக்கினார். குனிந்தபோது துண்டு நழுவிக் காலடியில் விழுந்தது. அதன் மேல்தான் இடது காலை வைத்திருந்தார். மரத்துப்போன பாதத்துக்கு அது தெரியவில்லை.

மனைவிக்குத் தெரிந்தது. கணவரின் தோளுக்கு மேலாகக் கீழே பார்த்துக்கொண்டிருந்தார்.

"போதும்" என்றார்.

"குளுருதா மகாராணி? அவ்வளவுதான், வந்தாச்சு."

"போதும். போதும்!"

மூன்றாவது தடவை அந்தக் குரல் வேறு மாதிரி வந்தது. மாடிப்படித் திருப்பத்தில், முன்னால் இருப்பவன் போடுகிற சத்தம் அது. வேறு எங்கே கேட்டிருந்தாலும் அவர் கால் கல்லாகியிருக்கும். வீட்டில் அந்தச் சொல்லுக்கு நிற்காமலிருக்க அவர் பழகியிருந்தார். அடுத்த அடியை எடுத்துவைத்தார்.

விழும்போதும் மனைவியைத் தன் மேல் வாங்கிக்கொள்ளத்தான் பார்த்தார். முடியவில்லை. கட்டிலின் இரும்புக் கால் குறுக்கே இருந்தது.

மனைவிக்கு இடுப்பெலும்பு முறிந்திருந்தது. அவருக்கு முழங்கையில் ஒரு சிராய்ப்பு. ஆஸ்பத்திரி வராந்தாவில் அந்தச் சிராய்ப்புக்கு மருந்து போட வந்த நர்ஸிடம் கையை நீட்டாமல் பின்னால் மறைத்துக்கொண்டார்.

ஆபரேஷன் முடிந்ததும், இனி மனைவியை வீட்டில் வைத்துப் பார்க்க முடியாது என்று டாக்டர்கள் சொல்லிவிட்டார்கள். மகள்தான் எல்லாவற்றையும் ஏற்பாடு செய்தாள். சேர்த்த இல்லத்தைப் பார்த்ததும் பீரோவுக்கு ஆறவில்லை. அது அவருடைய கம்பெனிக் கிடங்குக்கு எதிரிலேயே இருந்த பழைய கட்டடம். நாள் முழுக்க லாரி உறுமல், புகை, ரிவர்ஸ் எடுக்கும்போது அலறுகிற ஹாரன். சுவரில் மழை வழிந்த கறை.

"தோட்டமும் மரமுமா எத்தனை இடம் பாத்தேன்னு சொன்னே. கடைசில உங்கம்மாவைக் கொண்டாந்து லாரிப் புகைல போட்டியே. உனக்கு எப்படி மனசு வந்துச்சு?"

மகள் கொண்டுவந்த துணிகளை அலமாரியில் மடித்து வைத்துக்கொண்டிருந்தாள்.

அடுத்த நாள் காலை பழக்க தோஷத்தில் ஐஸ் வாங்கிவந்து டிரம்மில் உட்கார்ந்தார். ஊதினார். எழுந்து துவட்டிக்கொண்டு அறைக்கு வந்தார். கட்டிலில் யாருமில்லை. வலியில்லாத அந்த ஒரு மணி நேரத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று அவருக்குத் தெரியவில்லை. வலி திரும்பி வரும்வரை கட்டில் விளிம்பில் உட்கார்ந்திருந்தார். வந்ததும் அதையும் கூட்டிக்கொண்டு வேலைக்குப் போனார். அதற்குப் பிறகு அவர் ஐஸைத் தொடவில்லை.

ஒவ்வொரு சாயங்காலமும் வேலை விட்டதும் இல்லத்துக்குப் போவார். மனைவியின் இடது கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். இரண்டு பணிப்பெண்கள் பட்டையும் பலகையும் வைத்து நோகாமல் தூக்கிப் படுக்கவைப்பதைப் பார்ப்பார். நன்றாகத்தான் தூக்கினார்கள். அது அவரால் தாங்க முடியாததாக இருந்தது. மனைவி அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பார்.

மழைக்காலத்தில் சளி நெஞ்சில் கட்டி மனைவி இறந்தார். மகளிடம் அவர் சரியாகப் பேச வெகுநாள் ஆனது. பேசத் தொடங்கிய பிறகும் அந்த இடத்தை மட்டும் அவரால் மன்னிக்க முடியவில்லை. ஒருநாள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது மறுபடியும் அந்தப் பேச்சை எடுத்தார். மகள் தட்டிலிருந்து கையை எடுத்துவிட்டாள்.

"அந்த இடம் நான் பாத்ததில்லப்பா. அம்மா பாத்தது."

விழுவதற்கு வெகுநாள் முன்பே நடந்தது அது. அவர் டிரம்முக்குள் உட்கார்ந்து ஊதிக்கொண்டிருந்த ஒரு காலையில், மகள் செல்போனில் மூன்று இல்லங்களின் படத்தையும் எது எங்கே இருக்கிறது என்பதையும் அம்மாவிடம் காட்டியிருக்கிறாள். அம்மா இடது கை விரலை லாரிப் புகைக் கட்டடத்தின் மேல் வைத்தார். இங்கே சத்தம் தாங்காதும்மா என்று மகள் மற்ற இரண்டையும் திரும்பக் காட்டினாள். அம்மா விரலை எடுத்து மறுபடியும் அதே இடத்தில் வைத்தார். பிறகு அதே விரலை மகளின் உதட்டின் மேல் வைத்து அழுத்தினார்.

மற்ற இரண்டு இடங்களுக்கும் பஸ் ஏறித்தான் போக வேண்டும். பஸ் படியில் ஏற அவருக்கு இடது காலைக் கையால் தூக்கி வைக்க வேண்டியிருக்கும். கிடங்கின் கேட்டிலிருந்து இந்த இடத்துக்குத் தெருவைக் கடந்தால் போதுமாக இருந்தது.