மணி நின்ற பிறகு

சபையின் வாக்கெடுப்புக் கூடத்துக்கு இருபத்தாறு வருடமாகக் கதவுக்காவலர் அவர். எல்லோரும் வைத்த பெயர் 'கறார்'. வாக்கெடுப்பு என்றால் எட்டு நிமிடம் மணி அடிக்கும். மணி நின்றதும் உள்ளிருந்து கதவைப் பூட்டிவிட வேண்டும். அப்புறம் வருகிறவர் எப்பேர்ப்பட்ட ஆளானாலும் வெளியேதான். ஒருமுறை மந்திரியின் மூக்குக்கு நேரே சாத்தினார். மந்திரி குதியோ குதியென்று குதித்தார், இவர் அசைந்தால்தானே! அந்தக் கதையை ஆயிரம் தடவையாவது சொல்லியிருப்பார்.

மாற்றுக் காவலருக்குப் பெயர் 'போனாப்போகுது'. யாராவது ஓடிவந்தால் பூட்டில் சாவி மாட்டாதது போல் இரண்டு மூச்சு தடுமாறுவார். கறாருக்கு அதைக் கண்டாலே பற்றிக்கொண்டு வரும்.

அந்த வருடம் ஆளுங்கட்சிக்குப் பெரும்பான்மை இல்லை. உதிரிக் கட்சிகள், சுயேச்சைகளின் தயவில் ஆட்சி ஓடிக்கொண்டிருந்தது. நேற்றுவரை ஒருவர் முகத்தில் ஒருவர் விழிக்காத ஐந்து எதிர்க்கட்சிகள் கைகோத்துவிட்டன. வாக்கெடுப்புக்கு வந்தது, ஆஸ்பத்திரி ஒப்பந்த ஊழியர்களை அரசு நிரந்தரமாக்கும் மசோதா. கறாரின் மனைவி பதினொரு வருட ஒப்பந்த நர்ஸ். மசோதா தோற்றால் இந்த மாதத்தோடு அவள் வேலை போச்சு. கணக்குப்படி இரு பக்கமும் சமம். சமமானால் சபாநாயகர் ஓட்டு அரசுக்கு.

அன்று முறை போனாப்போகுதுவுடையது. கறார்தான் கெஞ்சி வாங்கினார்.

"இன்னிக்கு ஒரு நாள் எனக்குக் குடுப்பா. வீட்டுக்காரி வேலை நிரந்தரமாகுறத என் கண்ணால பாக்கணும்."

"போனாப் போகுது, நீயே நில்லு," என்றார் அவர்.

மணி அடித்தது. எல்லோரும் உள்ளே வந்தாயிற்று, ஒருவரைத் தவிர. அரசை ஆதரிக்கும் சுயேச்சை உறுப்பினர், முழங்கால் போன கிழவர். லிஃப்ட் பழுதாம், படியேறி வந்திருக்கிறார் பாவம். தாழ்வாரக் கோடியில் ஊன்றுகோலோடு தெரிந்தார்.

"தம்பி, கதவைப் பிடிச்சுக்கோப்பா!"

இன்னும் பத்தடி இருக்கும்போது மணி நின்றது. அடுத்த நொடி பூட்டு விழுந்துவிட்டது. பூட்டின பிறகுதான் தன் கை என்ன செய்தது என்றே அவருக்கு உறைத்தது. பூட்டிய கதவை, ஓட்டு எண்ணி முடியும்வரை திறக்க முடியாது. திறந்தால் வாக்கெடுப்பே செல்லாது. வெளியே ஊன்றுகோல் தட்டிக்கொண்டே இருந்தது. கதவில் முதுகைச் சாய்த்து நின்றார்.

ஒரு ஓட்டில் மசோதா தோற்றது. எதிர்க்கட்சி உறுப்பினர் ஒருவர் போகிற போக்கில் இவர் தோளில் தட்டினார்.

"கறார்னா கறார்தான்யா!"

வீட்டில் மனைவி சீருடையை மடித்துக்கொண்டிருந்தாள். டிவியில் எல்லாம் பார்த்துவிட்டாள். அழுகையும் இல்லை, சண்டையும் இல்லை.

"ஏங்க, இன்னிக்கு அந்த அண்ணன் முறைதானே?"

"ஆமா."

"அவர் நின்னிருந்தா?"

பொய் சொல்லத்தான் நினைத்தார். வாய் வரவில்லை.

"உள்ள விட்டிருப்பான்," என்றார்.